எத்தனை உருளை வாயு வேண்டும்?

சென்ற மாதம் ஒருநாள் மாலை, பாடசாலைக் காரியாலயத்தைப் பூட்டிவிட்டு நான் வெளியேறும் வேளையில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் தமிழும் வரலாறும் பயின்ற மாணவர் ஒருவர் வாயிலில் வந்து நின்றார். இப்போது அவர் இரும்புத் தாங்கிகளைச் செப்பனிடும் வேலைத்தளம் ஒன்றில் தொழில் புரிகிறார். சுகநலம் விசாரித்த பின், வந்த காரியத்தை இவ்வாறு சொன்னார்: "சேர், இரண்டாயிரம் லீற்றர் காத்துத் தாங்கி ஒண்டு. ஒட்டுவேலை எல்லாம் முடிஞ்சுது. ஆறு பார் அமுக்கம் ஏத்திக் கசிவு பாக்க வேணும். நைதரசன் எத்தினை சிலிண்டர் எடுக்கிறது? ஆளுக்கொரு கணக்குச் சொல்லுகினம்."

நான் கலைப் பட்டதாரி. சோழர் காலத்து ஏரிகளின் நீளத்தைக் கேட்டிருந்தாலும் ஏதாவது சொல்லியிருப்பேன். எனினும், ஒருகால் என் மாணவராயிருந்தவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. மறுநாள் எமது பௌதிகவியல் ஆசிரியரையும் அழைத்து, மூவருமாக அமர்ந்து இக்கணக்கைச் செய்தோம். உருளை எத்தனை என்று பார்க்கத் தொடங்கிய கணக்கு, இறுதியில் மனித உயிரைப் பற்றிய கணக்காக மாறிய விதத்தையே இன்று உங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

முதலில் ஒரு சொல்லை விளக்கிவிடுகிறேன். 'பார்' என்பது அமுக்கத்தை அளக்கும் ஓர் அலகு. கடல் மட்டத்தில் நம்மைச் சூழ்ந்துள்ள வளிமண்டலம் நம்மீது செலுத்தும் அமுக்கம் ஏறத்தாழ ஒரு பார் ஆகும். அதாவது சதுர சென்ரிமீற்றர் ஒன்றின்மேல் ஏறத்தாழ ஒரு கிலோகிராம் எடை. அந்தச் சுமையை நாம் பிறந்த நாள் முதல் தாங்கிக்கொண்டே இருப்பதால் அதனை உணர்வதில்லை.

வாயுவை அமுக்கினால் அதன் கனவளவு எவ்வாறு குறையும் என்பதை ஆராய்ந்து, 1662 ஆம் ஆண்டில் வெளியிட்டவர் அயர்லாந்தில் பிறந்த றொபேட் போயில் என்னும் அறிஞர். ஒரு முனை மூடியதும் மற்றைய முனை நீண்டு திறந்ததுமான வளைந்த கண்ணாடிக் குழாயில் அவர் பாதரசத்தை ஊற்றினார். மூடிய பக்கத்தில் அகப்பட்ட காற்றின்மேல் பாதரசத்தின் பாரம் ஏற ஏற, அக்காற்றுச் சுருங்கியது. அமுக்கம் இரு மடங்காகும்போது கனவளவு பாதியாயிற்று. வெப்பநிலை மாறாதிருக்குமாயின், அமுக்கத்தையும் கனவளவையும் பெருக்கி வரும் தொகை மாறுவதில்லை. இந்த ஒரு விதியே நமது கணக்கு முழுவதற்கும் அடிப்படை.

இனி நமது தாங்கிக்கு வருவோம். அது வெறுமையாய் இருக்கிறது என்று சொல்லுகிறோம். உண்மையில் அது வெறுமையன்று. அதனுள்ளே இரண்டாயிரம் லீற்றர் சாதாரணக் காற்று ஒரு பார் அமுக்கத்தில் ஏற்கெனவே இருக்கின்றது. தாங்கியில் பொருத்திய அமுக்கமானியோ அப்பொழுது பூச்சியத்தைக் காட்டுகிறது. ஏனெனில் அம்மானி வெளிக்காற்றிலும் பார்க்க உட்புறம் எவ்வளவு கூடுதலாக அமுக்கப்பட்டுள்ளது என்பதை மாத்திரமே காட்டும். மானி ஆறு பார் காட்டும்போது உள்ளே இருக்கும் உண்மையான அமுக்கம் ஏழு பார். வேலைத்தளத்தில் ஆளுக்கொரு கணக்கு வந்ததற்கு முதற் காரணம் இதுவே. ஒருவர் ஏழால் பெருக்கினார். மற்றொருவர் ஆறால் பெருக்கினார். உள்ளே இருந்த காற்றை அப்படியே விட்டு மேற்கொண்டு வாயு ஏற்றுவதாயின் ஆறால் பெருக்கியவர் சொன்னதே சரி. இரண்டாயிரத்தை ஆறால் பெருக்க, பன்னீராயிரம் லீற்றர். வெளிக்காற்றின் அமுக்கத்தில் அளந்தால் அவ்வளவு நைதரசன், அதாவது 12 கன மீற்றர், தாங்கியினுட் செல்ல வேண்டும்.

அடுத்து உருளையைப் பார்ப்போம். வாயுக் கடைகளிற் கிடைக்கும் பெரிய உருளைகளில் ஒரு வகையின் உட்கொள்ளளவு 50 லீற்றர். அதனுள் வாயு 200 பார் அமுக்கத்தில் அடைக்கப்பட்டிருக்கும். ஐம்பதை இருநூறால் பெருக்கப் பத்தாயிரம் லீற்றர். இவ்வளவு உயர்ந்த அமுக்கத்தில் நைதரசன் போயிலின் விதிக்கு முற்றாக அடங்கி நடப்பதில்லை. ஆகையால் நூற்றுக்கு ஐந்து அளவில் குறைத்து, ஒன்பதாயிரத்து ஐந்நூறு லீற்றர் என்று கொள்வதே விவேகம். இதனையும் முழுவதாக எடுத்துவிட முடியாது. நீர், மேட்டிலிருந்து பள்ளத்துக்கு ஓடுவது போல, வாயு கூடிய அமுக்கத்திலிருந்து குறைந்த அமுக்கத்துக்கே செல்லும். தாங்கியில் ஆறு பார் இருக்கும்போது, உருளையிலும் ஆறு பார் எஞ்சிவிட்டால் ஓட்டம் நின்றுவிடும். அவ்வாறு உருளையிலே தங்கிவிடுவது ஐம்பது பெருக்கல் ஆறு, முந்நூறு லீற்றர். ஆகவே ஓர் உருளையிலிருந்து நமக்குக் கிட்டுவது ஒன்பதாயிரத்து இருநூறு. பன்னீராயிரத்துக்கு ஓர் உருளை போதாது, இரண்டு வேண்டும். மாணவர் முகத்தில் தெளிவு பிறந்தது. "இவ்வளவுதானா சேர்?" என்றார்.

இவ்வளவுதான் என்று நானும் நினைத்தேன். பௌதிக ஆசிரியர் விடவில்லை. தாங்கியின் அமுக்கம் சிறிதாயிருந்தபடியாலேயே கணக்கு இவ்வளவு எளிதாக முடிந்தது என்று கூறி, அவர் வேறொரு கேள்வியைப் போட்டார். ஐந்நூறு லீற்றர் கொள்ளும் பாத்திரம் ஒன்றை நூறு பார் வரை நிரப்ப வேண்டுமானால் இதே உருளைகள் எத்தனை வேண்டும்? நான் உடனே ஐந்நூறை நூறால் பெருக்கி, ஐம்பதாயிரம் லீற்றர், உருளைக்குப் பத்தாயிரமாக ஐந்து உருளை என்றேன். தவறு. ஐந்து உருளையிலும் உள்ள வாயு ஐம்பதாயிரந்தான். ஆனால் நூறு பார் அடைந்த பின் ஒவ்வோர் உருளையிலும் பாதி வாயு வெளிவராமலே நின்றுவிடும். எல்லா உருளைகளையும் ஒரே குழாயில் இணைத்து ஒருமிக்கத் திறந்தால், பத்து உருளை வேண்டும்.

அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தாலோ எட்டே போதும். முதல் உருளை தாங்கியை 18 பாருக்கு உயர்த்தி, தானும் 18 பாருக்கு இறங்கிவிடும். அதாவது தன் வாயுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கொடுத்துவிடும். அதனை மூடிவிட்டு இரண்டாவதைத் திறந்தால் தாங்கி ஏறத்தாழ 35 பாருக்கு ஏறும். மூன்றாவது 50 பாருக்குச் சற்றுக் குறைய; நான்காவது 63. இப்படியே ஏழாவது உருளை 97 பாரில் கொண்டுபோய் நிறுத்தும். எட்டாவதைச் சற்றே திறந்தால் நூறு வந்துவிடும். எடுத்துச் செல்லும் வாயு ஒன்றே; திறக்கும் ஒழுங்கு ஒன்றினாலேயே இரண்டு உருளைக் கூலி மிச்சமாகிறது. எஃகு உருளை ஒன்று வெறுமையாகவே ஏறத்தாழ 60 கிலோகிராம் நிறையுள்ளது என்பதையும், அதனை லொறியில் ஏற்றி இறக்குபவர் முதுகையும் நினைத்துப் பார்த்தால், இந்தச் சிறு யுக்தியின் அருமை விளங்கும்.

இனி வெப்பநிலை. உலோகத் தாங்கியொன்று நடுப்பகல் வெயிலில் நின்று 37 பாகை செல்சியசு அடைந்திருக்கும்போது ஆறு பார் ஏற்றிவிட்டு, இரவில் வந்து மானியைப் பார்க்கிறோம். தாங்கி 27 பாகைக்குக் குளிர்ந்துவிட்டது. ஓர் அணுவேனும் வெளியேறாதிருந்தும் மானி கால் பாருக்குச் சற்றுக் குறைய இறங்கியிருக்கும். வேலைத்தளத்தார் இல்லாத துவாரத்தைத் தேடி இரவு முழுதும் அலைவர். இதிலும் கொடியது இதன் மறுபுறம்: அதிகாலையில் நிரப்பிய தாங்கி மெல்லக் கசிந்துகொண்டே இருக்க, ஏறும் வெயில் அந்தக் குறைவை நிரவிக்காட்டி, "கசிவு இல்லை" என்று பொய்ச் சான்றிதழ் வழங்கிவிடும். ஆதலால் மானியை எழுதும்போதெல்லாம் தாங்கியின் வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதுவது வழக்கமாயிருத்தல் வேண்டும்.

நேயர்களே, இதுவரை நாம் பார்த்தது உள்ளே செல்லும் வாயுவின் கணக்கு. ஒட்டுவேலையில் ஒரு பொருத்து விட்டுக்கொடுத்தால், உள்ளே சென்றது அத்தனையும் ஒரு நொடியில் வெளியே வரும். மாணவர் கேட்ட இரண்டு உருளைக்குள்ளே எவ்வளவு வலிமை அடங்கியிருக்கிறது என்று ஆசிரியர் கணித்துக் காட்டினார். இரண்டாயிரம் லீற்றர் தாங்கியில் மானி ஆறு பார் காட்ட அடங்கியுள்ள வாயு, சடுதியாக விரிந்தால் வெளிப்படுத்தும் ஆற்றல் ஏறத்தாழ 15 இலட்சம் யூல். எனக்கு யூல் என்றால் விளங்காது என்றேன். ஒன்றரைத் தொன் நிறையுள்ள மோட்டார் வண்டியொன்றை நூறு மீற்றர் உயரத்துக்குத் தூக்குவதற்கு அது போதும் என்றார். வெடிமருந்தில் சொன்னால், மூன்றில் ஒரு கிலோகிராம் ரி.என்.ரி.க்குச் சமம். மாணவர் கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாங்கியின் அருகே முழந்தாளிட்டு, பொருத்துகளில் சவர்க்கார நீரைப் பூசிப் பார்க்கப்போகிறவர் அவரே அல்லவா?

அதே தாங்கியை வாயுவுக்குப் பதிலாக நீரால் நிரப்பி, அதே ஆறு பாருக்கு உயர்த்தினால் என்னவாகும்? நீர் அமுக்கத்துக்கு அநேகமாக இடங்கொடுப்பதில்லை. நிரம்பிய தாங்கிக்குள் மேலும் ஏறத்தாழ அரை லீற்றர் நீரைத் தள்ளினால் ஆறு பார் வந்துவிடும். தாங்கிச் சுவரின் சிறு விரிவுக்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் பன்னீராயிரம் லீற்றர். மறுபக்கம் அரை லீற்றர். அந்த நீரில் சேமிக்கப்பட்ட ஆற்றலோ, ஒரு பெரிய வாளித் தண்ணீரை ஒரு மீற்றர் உயரம் தூக்கும் அளவுதான். பொருத்து விட்டுப்போனால் நீர் பீறிட்டுப் பாயும். அமுக்கம் உடனே விழுந்துவிடும். நிலம் நனையும், ஆட்களின் உடை நனையும். வாயுவாயின் தாங்கியின் மூடியே பறக்கும்.

இந்த உண்மையை உலகம் அறிய எடுத்துக்காட்டிய சம்பவம் ஒன்று உண்டு. பிரித்தானியா அமைத்த கொமெற் என்னும் தாரை விமானம், 1952 ஆம் ஆண்டிலேயே இலண்டனுக்கும் நமது கொழும்புக்கும் இடையே பயணிகளை ஏற்றிப் பறக்கத் தொடங்கியது. 1954 சனவரி 10 ஆம் திகதி, சிங்கப்பூரிலிருந்து இலண்டனுக்குச் சென்ற கொமெற் ஒன்று உரோமாபுரியை விட்டுப் புறப்பட்டபின் எல்பாத் தீவின் அருகே கடலில் வீழ்ந்தது. 35 பேர் மாண்டனர். ஏப்பிரல் 8 ஆம் திகதி மற்றொன்று நேப்பிள்ஸ் நகருக்கு அப்பால் வீழ்ந்தது. 21 பேர் மாண்டனர். உயரத்தில் பறக்கும்போது பயணிகள் மூச்சுவிடுவதற்காக விமானத்தினுள் காற்று அமுக்கப்பட்டிருக்கும். ஏறும்போதெல்லாம் உடற்பகுதி ஊதுவதும் இறங்கும்போதெல்லாம் சுருங்குவதுமாக இருந்து, உலோகம் களைத்துவிட்டதோ என்று ஐயம் எழுந்தது.

பாண்பரோவிலிருந்த அரச விமான ஆராய்ச்சி நிலையத்தார், பறந்து பழகிய கொமெற் ஒன்றின் உடலை மாபெரும் நீர்த்தொட்டிக்குள் அமிழ்த்தினர். சிறகுகள் தொட்டியின் பக்கங்களினூடாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. உள்ளும் புறமும் நீரை நிரப்பி, உள்ளிருந்த நீரின் அமுக்கத்தை மாத்திரம் ஏற்றியும் இறக்கியும், பறப்புக்குப் பறப்பாகப் போலிப் பயணம் செய்வித்தனர். காற்றைக்கொண்டு இதனைச் செய்திருந்தால், உடல் பிளக்கும் கணத்தில் அது வெடிகுண்டு போலச் சிதறியிருக்கும். ஆட்களுக்கும் ஆபத்து, எங்கே பிளவு தொடங்கியது என்ற தடயமும் அழிந்துபோகும். 1954 சூன் மாதத்தில், முன்பு பறந்த 1,221 பறப்புகளோடு தொட்டியில் நடந்த 1,836 ஏற்ற இறக்கங்களும் சேர்ந்து 3,057 ஆனபோது, திறப்பொன்றின் மூலையருகே உடல் பிளந்தது. நீர் வெளியே வழிந்தது, அவ்வளவே. பிளவு தொடங்கிய இடத்தை விரலால் தொட்டுப் பார்க்க முடிந்தது.

ஆகவே நமது மாணவருக்கு ஆசிரியர் இட்ட முதற் கட்டளை, வாயு உருளையைப் பற்றியதன்று. தண்ணீர் இறைக்கும் பம்பியைப் பற்றியது. தாங்கியை முதலில் நீரால் நிரப்பி, மேலே காற்று அடைபட்டு நில்லாதபடி வெளியேற்றி, வேலை செய்யும் அமுக்கத்திலும் கூடுதலாக, ஒன்பது பார் வரை உயர்த்திப் பார்க்க வேண்டும். அதில் நின்றுபிடித்த தாங்கிக்கே வாயு ஏற்றலாம். எல்லா இடத்திலும் நீர் பொருந்தாது என்பது மெய். உட்புறம் ஈரமாகலாகாத குளிரூட்டிகள் உண்டு. நீரின் நிறையைத் தாங்காத அத்திவாரங்களும் உண்டு. நமது சிறு தாங்கியிலேயே நீர் இரண்டு தொன், நைதரசனோ ஏறத்தாழ 14 கிலோகிராம். அத்தகைய இடங்களில் வாயுவை மாத்திரம் கொண்டு சோதிக்கிறார்கள். ஆனால் அமுக்கத்தைப் படிப்படியாக ஏற்றி, படிக்குப் படி நிறுத்தி, ஏற்றும்போது ஆட்களைத் தூரத்தில் வைத்துச் செய்கிறார்கள்.

கசிவைக் காண்பதற்கு ஆறு பார் தேவையுமில்லை. பெரும்பாலான கசிவுகள் ஒரு பாரிலேயே சவர்க்கார நுரையில் குமிழி விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அந்நிலையில் தாங்கியில் இருக்கும் ஆற்றல், ஆறு பாரில் இருப்பதில் எட்டில் ஒரு பங்குதான். பணக் கணக்கும் அதே பக்கம் நிற்கிறது. கசிவைக் கண்டபின் வாயுவை வெளியே விட்டுத்தானே செப்பனிட வேண்டும்? ஒரு பாரில் விட்டால் நட்டம் இரண்டாயிரம் லீற்றர். ஆறு பாரில் விட்டால் பன்னீராயிரம்.

நுரைக்கும் அகப்படாத நுண்கசிவுகளுக்கு ஈலியம் என்னும் வாயுவைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அமெரிக்காவின் ஓக் றிட்ச் என்னுமிடத்தில் யுரேனிய வாயுவைப் பிரிக்கும் ஆலையின் எண்ணற்ற குழாய்களைச் சோதிக்க, ஈலியத்தை முகர்ந்தறியும் கருவி உருவாயிற்று. அது விலையுயர்ந்த விருந்தாளி. நமது வேலைத்தளத்துக்கு வருவதற்கில்லை.

இரண்டு எச்சரிக்கைகளைச் சொல்லாமல் விட இயலாது. ஒட்டுவேலை செய்யுமிடங்களில் ஒட்சிசன் உருளை எப்பொழுதும் கையருகே இருக்கும். நைதரசனுக்குக் கூலி ஏன் என்று அதனையே தாங்கிக்குள் திறந்துவிடும் துணிச்சல்காரர்கள் உளர். அமுக்கிய ஒட்சிசன் எண்ணெய்ப் பசையைச் சந்தித்தால், தீக்குச்சி இல்லாமலே தீப்பற்றக்கூடும். எந்தத் தாங்கிக்குள்தான் எண்ணெய்ப் பசை இல்லை? இது ஒருபோதும் செய்யத்தகாதது.

மற்றது, நைதரசனே தரும் ஆபத்து. அது நஞ்சன்று, நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு அதுவே. ஆயினும் நமது கணக்கைத் திரும்பிப் பாருங்கள். தாங்கியில் ஒரு பங்கு காற்றோடு ஆறு பங்கு நைதரசன் சேர்ந்தது. சோதனை முடிந்து அமுக்கத்தை விட்டபின்னும் உள்ளே நிற்பது அந்தக் கலவையே. காற்றில் நூற்றுக்கு 21 பங்காயிருக்கும் ஒட்சிசன், அங்கே நூற்றுக்கு மூன்றே பங்கு. மணமில்லை, நிறமில்லை, மூச்சுத் திணறும் உணர்வும் தோன்றாது. ஒட்டு எப்படி இருக்கிறது பார்ப்போம் என்று ஆள்நுழை வாயிலில் தலையை நீட்டுபவர், இரண்டொரு மூச்சில் உணர்விழந்து உள்ளே விழலாம். அவரைத் தூக்க இறங்குபவரும் அவ்வாறே. புதிய காற்றை ஊதி, ஒட்சிசன் அளவை மானியால் அறிந்த பின்னரே எவரும் நுழைய வேண்டும். வாயுவைத் திறந்துவிடும் குழாயும் அடைத்த அறைக்குள் அல்லாமல் வெளியிடத்தில் முடிய வேண்டும்.

அடுத்த சனிக்கிழமை நானும் பார்க்கச் சென்றேன். தாங்கியில் நீர் நிரப்பப்பட்டிருந்தது. ஏழு பாரைக் கடந்ததும், பார்வைக்கு அழகாயிருந்த அடிப்புற ஒட்டு ஒன்றிலிருந்து நீர் மெல்லிய கோடாக ஒழுகத் தொடங்கிற்று. மாணவர் அதைப் பார்த்துக்கொண்டு சிறிது நேரம் பேசாமல் நின்றார். நீரை வடித்து, அந்த ஒட்டை அரைத்தெடுத்து மறுபடி ஒட்டி, மீண்டும் நீரேற்றி ஒன்பது பாரில் அரைமணி நேரம் வைத்தார்கள், நின்றுபிடித்தது. பின்னர் இரண்டு உருளை நைதரசன் வந்தது. ஒரு பாரில் வால்வின் புரியருகே குமிழி. அதனைத் திருத்தி, படிப்படியாக ஆறு பாருக்கு ஏற்றினார்கள். வெப்பநிலையும் பக்கத்தில் எழுதப்பட்டது.

இரண்டாவது உருளையில் பாதிக்கு மேல் வாயு மீந்திருந்தது. மீந்த வாயுவுக்குக் கடைக்காரர் பணம் திருப்பிக் கொடுப்பதில்லையாம். அதற்கு என்ன கணக்கு என்று மாணவர் கேட்டார். அது போயிலின் விதிக்குள் அடங்காது என்று பௌதிக ஆசிரியர் கூறிவிட்டார்.